விபூதி படிந்த கண்ணாடி

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம்.

உங்கள் பயிற்சிப் புத்தகத்துக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று ஆபீசில் கேட்டார்கள். நான் படித்தது பத்தாவது. அதற்கு மேல் ஐ.டி.ஐ.யில் ரேடியோ மெக்கானிக். சின்னசேலம் ரயிலடிப் பக்கம் பல வருஷம் ரேடியோ கடை வைத்திருந்தேன். ரேடியோவை ரிப்பேருக்கு எடுத்துவர ஆளில்லாமல் போனதும், ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். ரேஷன் கடைகளுக்கு மிஷின் மாட்டுவது, கெட்டுப்போனால் சரிசெய்வது, முகாம் போட்டு ஜனங்களின் விரல் ரேகையைப் பதிவது. ஓய்வு பெறும்வரை அதுதான் வேலை. மேடையில் பேசுகிறவர்கள் இதைப் பொதுநலத்துக்கான தொழில்நுட்பம் என்கிறார்கள். கல்வராயன் மலையில் எங்களுக்குப் பேர் ‘மிஷின்காரரு’.

எந்த ஒயர் எங்கே போகும் என்று நான் எழுதப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நான் செய்த தப்பை எழுதுகிறேன். ஊர் பேரும் கம்பெனி பேரும் வேண்டாம். ஆட்களின் பேரை மாற்றியிருக்கிறேன். நடந்தது நடந்தபடிதான்.

விரல் ரேகைத் திட்டத்தை அப்போது சோதனையாகச் சில ஊர்களில் மட்டும் தொடங்கியிருந்தார்கள். குடும்ப அட்டையில் உள்ள பெரியவர்கள் எல்லாரும் ஒருமுறை வந்து ரேகை பதிய வேண்டும். அப்புறம் மாதாமாதம் கடையில் விரலை வைத்தால்தான் அரிசி. கரியாலூரைத் தாண்டி ஒரு சிற்றூர்ப் பள்ளிக்கூட வராந்தாவில் முகாம். சித்திரை கடைசி. புளி உடைத்துக் கொட்டை எடுக்கும் வேலை அப்போதுதான் முடிந்திருந்தது. காலையில் ஒரு மழை பெய்து விட்டிருந்தது. ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, நாலு பக்கத்திலிருந்தும் ஜனங்கள் நடந்து வந்திருந்தார்கள். பொழுது சாய்வதற்குள் எல்லாரையும் பதிந்து அனுப்பவேண்டும். மறுநாள் எனக்கு வேறு ஊரில் முகாம்.

விரலில் மண் இருந்தால் மிஷின் எடுக்காது, கை கழுவிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தோம். சொன்ன பேச்சைக் கேட்டு, ஒவ்வொருவரும் முழங்கை வரைக்கும் கழுவி, சொட்டச் சொட்ட வந்து நின்றார்கள். ஈர விரலையும் அது எடுக்காது. முந்தானையில் துடைத்தாலும் போதவில்லை. ‘மீண்டும் வைக்கவும், மீண்டும் வைக்கவும்’ என்று மிஷினுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

“இன்னா சார், இந்தப் பொம்பள காலைலேருந்து ஒரே பாட்ட பாடிக்கினு கீறா?” என்று வரிசையில் ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வரிசை பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டிப் போயிருந்தது.

என் சட்டைப் பையில் எப்போதும் விபூதி இருக்கும். என் மனைவிக்குப் பிறந்த ஊர் எலவனாசூர்கோட்டை. அந்த ஊர்ச் சிவன் கோயில் விபூதியை அவள் ஒரு சின்னச் சுருக்குப்பையில் போட்டுக் கொடுப்பாள். அதில்லாமல் நான் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. ஒரு பெரியவர் ஏழெட்டுத் தடவை வைத்தும் எடுக்காமல் போகவே, வேறு வழி தோன்றாமல் ஒரு சிட்டிகை விபூதியை அவர் விரலில் தடவி, “ஈஸ்வரா” என்று சொல்லி வைக்கச் சொன்னேன். உடனே எடுத்துக்கொண்டது.

ஈரத்தைச் சாம்பல் உறிஞ்சிக்கொண்டது, அவ்வளவுதான். ரேடியோவோடு கிடந்தவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அந்த நேரத்தில், சாமி கைகொடுத்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றியது. அடுத்த ஆளுக்கும் தடவினேன். அதற்கடுத்த ஆளுக்கும். வரிசை ஓட ஆரம்பித்தது. “துண்ணூறு வெச்சாத்தான் மிஷினு ஒத்துக்குது” என்று பேச்சு பரவி, வருகிறவர்கள் எல்லாம் தாங்களே விரலை நீட்டினார்கள். ஒருத்தர் மிஷினுக்கே பட்டை போட்டுவிட்டுப் போனார். நான் தடுக்கவில்லை.

இதில் இன்னொன்று உண்டு. ஒவ்வொரு விரலுக்கும் பிறகு கண்ணாடியைத் துணியால் துடைக்க வேண்டும் என்பது பயிற்சியில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது. விபூதி தடவ ஆரம்பித்ததிலிருந்து அன்று நான் துடைக்கவில்லை. அவசரம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை ரொம்ப நாள் யாரிடமும் சொன்னதில்லை. விபூதியை அழுக்குத் துணியால் துடைத்துக் கீழே உதறக் கை வரவில்லை. ஓரத்தில் குவிந்ததை மட்டும் விரலால் தொட்டு எடுத்து என் நெற்றியிலேயே பூசிக்கொண்டேன்.

சாயங்காலம் எல்லாரையும் முடித்துவிட்டோம். கம்பெனியில் பாராட்டு வந்தது.

நாலு மாதம் கழித்து, அதே ஊர் ரேஷன் கடையில் பேட்டரி மாற்றப் போயிருந்தேன். அரிசி போடும் நாள். கடைக்காரர் கோவிந்தன் நல்ல மனுஷன். மூட்டை தைக்கும் சணலைக் காதில் சொருகிக்கொண்டு எல்லாரோடும் பேசிக்கொண்டே எடை போடுவார். ராமாயி என்ற பெண் பையை நீட்டினாள். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். புருஷன் கர்நாடகாவில் காப்பித் தோட்டத்தில் வேலை. வீட்டில் மூன்று பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமியார்.

“உன் அட்ட இன்னும் முடங்கித்தாம்மா கெடக்குது” என்றார் கோவிந்தன். “ரெண்டு மாசம் வெரலு உழாதவங்களுக்கு நோட்டுல எழுதி அரிசி போட்டேன். இப்போ அதுவும் முடியாது. ஒரே ஆளு ரெண்டு தரம் பதிஞ்சிகீதுன்னு வருது.”

“ரெண்டு தரமா? நானு எங்க ரெண்டு தரம் வந்தேன்?”

“உன் பேர்ல ஒரு தரம், சடைச்சி பேர்ல ஒரு தரம். நீயும் சடைச்சியும் ஒரே ஆளுன்னு சொல்லுது மிஷினு.”

சடைச்சி அதே வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேர் காட்டுக்கும் நடுவரப்பில் ஒரு பலாமரம். அதன் காய் யாருக்கு என்ற சண்டையில் இரண்டு வருஷமாகப் பேச்சு வார்த்தை கிடையாது. ஊருக்கே தெரியும்.

“இன்னாது?” என்று சடைச்சி முன்னால் வந்துவிட்டாள். “அவளும் நானும் ஒருத்தியா? அவ மூஞ்சியப் பாத்தே ரெண்டு வருசம் ஆவுது! அப்டின்னா அந்த மரமும் ஒருத்தியோடதுதான். எழுதிக் குடுத்துரச் சொல்லு மிஷின!”

“உன்ன மாதிரி நானு இருந்தா ஊருல தண்ணி கூடக் குடுக்க மாட்டாங்க” என்றாள் ராமாயி.

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது ராமாயி பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். “நோட்டுல எழுதிக் குடுத்த அரிசி போன மாசத்தோட தீந்துது சார்” என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். “மூணு பசங்க. சாமை அறுப்புக்கு இன்னும் நாளு கெடக்குது. நானு யாருன்னு நானே வந்து நிக்கறேன். அப்புறமும் நானு இல்லன்னா எப்டி சார்?”

கம்பெனியில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

சேலத்தில் இருந்த எங்கள் சூப்பர்வைசரிடம் சொன்னேன். கெட்டவர் இல்லை. அவசரக்காரர், அவருக்கும் மேலே ஆள் உண்டு. “அது சின்ன விஷயம்ங்க. தெரியாமல் இரண்டு தரம் பதிந்துவிட்டேன், மன்னிக்கவும் என்று அந்த அம்மாவிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். அடுத்த மாதமே அட்டையைத் திறந்துவிடலாம். மிஷின் தப்பு என்று போனால் விசாரணை, மண்ணாங்கட்டி என்று ஆறு மாதம் இழுக்கும். அந்த அம்மாவுக்குத்தான் கஷ்டம்” என்றார். கடிதத்தை அவரே டைப் அடித்து அனுப்பினார்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. சீக்கிரம் அரிசி கிடைக்குமே என்றுதான் நானும் நினைத்தேன். தம்பிகளே, முகாமில் நான் செய்ததைவிட இதுதான் பெரிய தப்பு. அது தெரியாமல் செய்தது. இதைக் கையில் எடுத்துக்கொண்டு, கச்சிராயபாளையத்தில் பஸ் மாறி மலையேறிப் போய்ச் செய்தேன்.

ராமாயி வீட்டு வாசலில் மரவள்ளிக் கிழங்கைத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். மை டப்பாவை எடுத்துவைத்து, கைநாட்டு வைத்தால் அடுத்த மாதம் அரிசி வந்துவிடும் என்றேன்.

“இதுல இன்னா எழுதிகீது சார்?”

படித்துக் காட்டினேன்.

“நானு ரெண்டு தரம் வெக்கலியே.”

“எனக்குத் தெரியும்மா. இது சும்மா ஒரு பேச்சுக்கு. வேலை சீக்கிரம் ஆகணுமில்ல?”

கத்தியைக் கீழே வைத்தாள். “பேச்சுக்கா? ஏன் சார், நாளைக்கு வேற ஒருத்தரு வந்து இதப் படிச்சா, இது பேச்சுக்குன்னு அவருக்கு யாரு சொல்றது? நீங்க வந்து நிப்பீங்களா?”

நான் மை டப்பாவை மூடினேன்.

“எம் பசங்க கூழு குடிச்சிக்குவாங்க. கெழங்கு கீது. திருடின்னு கைநாட்டு வெச்சித்தான் அரிசி திங்கணும்னா வேணாம் சார். அந்த சடைச்சி கூட என்ன அப்டிச் சொன்னதில்ல.” அப்புறம், நான் தண்ணீர் குடித்தேனா என்று கேட்டு ஒரு சொம்பு கொண்டுவந்து கொடுத்தாள்.

அந்தத் தண்ணீரைக் குடித்தபோது இருந்த வெட்கத்தை எழுத எனக்குத் தமிழ் போதாது. கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கரியாலூர் போகிற வழியில் ஒரு பாறை. அந்தப் பக்கத்தில் போனில் சிக்னல் எடுக்கிற ஒரே இடம் அது. அதன்மேல் ஏறி நின்று சென்னைக்குப் போன் போட்டேன். ரேகைப் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் பார்க்கிற பிரிவில் நித்யா என்று ஒரு பெண். என் மகள் வயது. இன்றைக்கு வரைக்கும் நேரில் பார்த்ததில்லை. அதுவரை நாங்கள் பேசியதெல்லாம் எண் சரியா, வந்துவிட்டதா என்ற அளவுதான்.

“அம்மா, ஒரு உபகாரம். அந்த இரண்டு ரேகையையும் எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா?”

“சார், சிஸ்டம் நூத்துக்கு நூறு பொருத்தம்னு காட்டுது.”

“சிஸ்டம் சொன்னதை விடும்மா. நீ பார்த்துச் சொல்லு.”

அவள் கீபோர்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது, அப்புறம் நின்றது. சிக்னல் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“சார், இது ஒரு மாதிரி இருக்கு” என்றாள். “ஒரே ஆள் ரெண்டு தடவ விரல வெச்சாக்கூட ஒரே மாதிரி விழாது. கொஞ்சம் சாயும், கொஞ்சம் தள்ளிப்போகும். இதுல சாய்வு, ஓரத்துல வெட்டுப்பட்ட இடம், எல்லாம் அச்சு அசலா அப்படியே இருக்கு. ரெண்டாவது மட்டும் கொஞ்சம் மங்கல். இது ரெண்டாவது விரலே இல்ல சார். முதல் விரலோட தடம் கண்ணாடியில அப்படியே நின்னிருக்கு. அதைத்தான் மிஷின் இன்னொரு தரம் எடுத்திருக்கு. அதெப்படி நிக்கும்? நீங்க துடைச்சிருப்பீங்கல்ல?”

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முகாமில் ராமாயிக்கு முன்னால் விரல் வைத்தவள் சடைச்சி. சடைச்சி விரலின் வேர்வைத் தடத்தில் விபூதி ஒட்டி, ரேகை ரேகையாகக் கண்ணாடியில் நின்றிருக்கிறது. மாதக் கணக்கில் புளி உடைத்ததில் ராமாயியின் விரல் வழவழவென்று தேய்ந்து போயிருந்தது. அவள் விரல் வைத்தபோது, மிஷினுக்கு அவள் ரேகை தெரியவில்லை. கண்ணாடியில் நின்றது தெரிந்தது. அதை எடுத்துக்கொண்டது.

நித்யாவிடம் சொன்னேன். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. “சார், ‘ஒரே ஆள்’னு பட்டன அமுக்கினது நான்தான். படத்த நான் திறந்தே பார்க்கல. ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல வருது, பொருத்தம் எவ்வளவுங்கற நம்பர மட்டும் பார்த்து அமுக்கிட்டுப் போயிடுவோம்” என்றாள். பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்துகொண்டு நானும், சென்னையில் உட்கார்ந்துகொண்டு அவளும், இரண்டு பேரும் சேர்ந்துதான் ஒரு பெண்ணை இல்லாமல் ஆக்கியிருக்கிறோம்.

இனி எழுதித்தான் கொடுக்கவேண்டும். அதில் ஒரு சிக்கல். அப்போது என் மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். வேலை போனால் திரும்பப் போய் உட்கார ரேடியோ கடை இல்லை. சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து எழுதினேன். ‘கண்ணாடியில் தூசு படிந்திருந்த காரணத்தால்’ என்று எழுதி, மனைவியிடம் படித்துக் காட்டினேன்.

“தூசு தானா வந்து படிஞ்ச மாதிரி இல்லீங்க இருக்குது?” என்றாள்.

“விபூதின்னு எழுதினால் சாமி பேர் கெடுமே” என்றேன்.

“சாமிக்கு இன்னா கெடும்? அவரு நெத்திக்குத்தான குடுத்தாரு? போட்டது நீங்க.”

கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். விபூதி போட்டேன், எத்தனை மணியிலிருந்து போட்டேன், துடைக்கவில்லை, ஏன் துடைக்கவில்லை, எல்லாம் எழுதினேன். எழுதி முடித்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். அப்படி வைத்ததில் மனசு லேசாகிவிட்டது என்றெல்லாம் சொல்லமாட்டேன். பயமாகத்தான் இருந்தது. சூப்பர்வைசரிடம் கொடுத்தால் அவர் மேசையிலேயே தங்கிவிடும் என்று தெரியும். அவருக்கு ஒரு நகல் அனுப்பிவிட்டு, கள்ளக்குறிச்சியில் உணவு வழங்கலைப் பார்க்கிற அதிகாரி அம்மாவிடம் நேரே கொடுக்க முடிவு செய்தேன்.

கடிதம் மட்டும் போதாது. இரண்டு பெண்களும் சேர்ந்து ஒரே நேரத்தில் அதிகாரி முன்னால் நிற்க வேண்டும். அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ராமாயி வருகிறேன் என்றுவிட்டாள். சடைச்சி வீட்டுக்குப் போனேன்.

“நானு எதுக்கு சார் வரணும்? என் அரிசி வந்துக்கினுதான கீது?”

“வந்துகொண்டுதான் இருக்கிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விசாரணை என்று வந்தால் உன் அட்டையையும் கொஞ்ச நாள் முடக்கி வைக்கலாம். அப்படி ஆகாது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.”

அவள் எழுந்துபோய் அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு வந்தாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அதைச் சொல்லாமல் கூட்டிப் போயிருக்கலாமே என்று எனக்குள் ஒரு குரல் இருந்தது. உங்களுக்கும் இருக்கும். அந்தக் குரல் எப்போதும் நல்லதுக்குத்தான் என்றே பேசும்.

“மரத்துக்குச் சண்ட போட்டது நாங்க” என்றாள் கடைசியில். “பசங்க சோத்துல அடிக்கிற சண்ட இல்ல அது. வரேன். ஆனா பஸ்ஸுல அவ பக்கத்துல குந்த மாட்டேன்.”

அப்படியே நடந்தது. கரியாலூரில் பஸ் ஏறி, கள்ளக்குறிச்சி வரைக்கும் ஒருத்தி முன்னால், ஒருத்தி பின்னால். நடுவில் மடியில் மிஷினோடு நான். வளைவுகளில் சடைச்சிக்கு வாந்தி வந்தது. ராமாயி ஒன்றும் பேசாமல், மடியிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து என்னிடம் நீட்டி, “அவுங்களாண்ட குடுங்க சார்” என்றாள். கொடுத்தேன். சடைச்சி முகர்ந்துவிட்டுத் திரும்ப என்னிடமே கொடுத்து, “குடுத்துருங்க” என்றாள்.

அதிகாரி அம்மா கண்டிப்பானவர் என்று பேர். கடிதத்தை முழுக்கப் படித்தார். தலை நிமிர்ந்து, எதிரே இரண்டு கை தூரம் தள்ளித் தள்ளி நின்ற இரண்டு பெண்களையும் பார்த்தார். ஒருத்தி நெடுநெடுவென்று, ஒருத்தி குட்டையாக.

“நீங்க ரெண்டு பேரும் ஒரே ஆளா?”

“அய்ய, அந்தக் கொடும வேணாம்மா” என்றாள் சடைச்சி. அதிகாரி அம்மா சிரித்துவிட்டார்.

மிஷினை வைத்தோம். சடைச்சிக்கு முதல் தடவையே எடுத்தது. ராமாயியின் கட்டைவிரல் எடுக்கவில்லை. ஆள்காட்டி விரல் எடுக்கவில்லை. இன்னொரு கையிலும் அப்படியே. பத்து விரலையும் பார்த்துவிடுங்கள் என்று நித்யா முதல் நாளே சொல்லியிருந்தாள். இடதுகை மோதிர விரலை வைத்ததும் எடுத்துக்கொண்டது.

“வேல செய்யாத வெரலத்தான் மிஷினுக்குப் புடிக்குது” என்றாள் சடைச்சி, சுவரைப் பார்த்துக்கொண்டு. இரண்டு வருஷத்தில் ராமாயியின் காதில் விழும்படி அவள் சொன்ன முதல் நல்ல பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். ராமாயி அட்டையைத் திறக்க அங்கேயே உத்தரவு ஆனது. அந்த மாத அரிசியையும் கொடுக்கச் சொல்லிவிட்டார்கள். சடைச்சி அட்டையில் கைவைக்கவில்லை.

எல்லாம் முடிந்தது என்று எழுந்தேன். “உட்காருங்க” என்றார் அதிகாரி அம்மா. “இந்தக் கடிதத்துல அன்னைக்கு மத்தியானத்துலேருந்து துடைக்கலன்னு எழுதியிருக்கீங்க. அப்புறம் எத்தன பேர் விரல் வெச்சாங்க?”

“நிறைய பேர்ம்மா.”

“அதுல இந்த மாதிரி எத்தன?”

தெரியாது என்றேன். அதுவரை நான் அதை யோசிக்கவே இல்லை. ராமாயி ஒருத்திதானே சத்தம் போட்டாள்? சத்தம் வந்த இடத்தை மட்டும்தான் நான் பார்த்திருக்கிறேன். கடிதத்தில் தூசு என்று எழுதியிருந்தால் அந்த அம்மாவும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். ஒரு மிஷினை மாற்றிக் கொடுங்கள் என்று சொல்லியிருப்பார், அதோடு போயிருக்கும்.

நித்யா இரண்டு நாள் உட்கார்ந்து, அன்றைய முகாமின் படங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்து, ஒரு பட்டியல் அனுப்பினாள். ராமாயி போக இன்னும் ஒன்பது பேர். கோவிந்தனிடம் காட்டினேன். “நோட்டுல எழுதறது நின்ன அப்பால ஒரு தரம் வந்தாங்க சார். முடங்கிக்கீதுன்னேன். போய்ட்டாங்க. திரும்ப வரல. வேல தேடி வெளியூர் போய்ட்டாங்கன்னு நெனச்சேன்” என்றார். அவருக்கும் முகம் செத்துவிட்டது.

கம்பெனி என்னைக் கூப்பிட்டு விசாரித்தது. அந்த வருஷம் சம்பள உயர்வு இல்லை என்றார்கள். வேலையை விட்டு எடுக்கவில்லை. ஒன்பது பேர் வீட்டுக்கும் நானே போய்ப் பதிந்து வரவேண்டும் என்று அதிகாரி அம்மா எழுதியிருந்தார். அது தண்டனை என்று சூப்பர்வைசர் சொன்னார். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

எட்டுப் பேரை இரண்டு நாளில் முடித்தேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஒன்பதாவது ஆள் பேர் ஆண்டி. வண்டி போகாது. ஓடையைத் தாண்டி, சரிவில் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். போனபோது உச்சி வெயில். அவர் கடுக்காயைப் பாயில் கொட்டிக் காயவைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். அவர் அதைப் பெரிதாகக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. உட்கார ஒரு கல்லைக் காட்டினார்.

“அரிசி நின்னு எத்தன மாசம் ஆச்சுங்க?”

“ஆடிலேருந்து வாங்கல.”

“கடையில கேக்கலீங்களா?”

“கேட்டேன். முடங்கிப் போச்சின்னாங்க. சரின்னு வந்துட்டேன்.”

“சரின்னா எப்படிங்க? ஏன்னு கேக்க வேண்டாமா?”

அவர் என்னை அதிசயமாகப் பார்த்தார். “பேரு உங்களாண்டதான கீது?” என்றார். “நீங்க கீதுன்னா கீது. இல்லன்னா இல்ல. நானு இன்னான்னு கேக்கறது?”

நான் தலையைக் குனிந்துகொண்டு மிஷினை எடுத்தேன். மூன்றாவது விரலில் ரேகை விழுந்தது. பதிவாகிவிட்டது என்று சொன்னேன்.

“வந்துடுச்சிங்களா?”

“வந்துடுச்சு.”

அவர் வீட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். “இந்தா, எம் பேரு வந்துடுச்சாம்!”

நான் மிஷினைப் பையில் வைத்து வாரை இழுத்துக் கட்டினேன். திரும்பிப் போய் ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். உள்ளேயிருந்து அவர் சம்சாரத்தின் குரல் வந்தது.

“என்னுது கீதான்னு கேளு. நானுந்தான் அன்னிக்கு வந்து வெச்சேன்.”

பட்டியலில் அந்த அம்மாவின் பேர் இல்லை. இல்லை என்றால் சரியாக இருக்கிறது என்றுதான் அர்த்தம். அப்படித்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

கல்லின்மேல் திரும்ப உட்கார்ந்து, கட்டிய வாரை அவிழ்த்தேன். “வரச் சொல்லுங்க. பார்த்துடலாம்” என்றேன்.